வெளியே போன நாட்களை எண்ணினால் பங்கேற்பு தெரிந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 3 நெருங்கும்போது மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் கூடுதலாக வருகின்றன. ஐ.நா. பொதுச்சபை 1992-ல் அந்த நாளை மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு நாளாக அறிவித்ததிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. எத்தனை சக்கர நாற்காலிகள் வழங்கப்பட்டன, எத்தனை பேருக்குக் காதுக்கருவி கிடைத்தது, எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற எண்கள் அச்செய்திகளில் தவறாமல் இருக்கும். அவை வேண்டாத எண்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த நாற்காலியில் அமர்ந்து அந்த மனிதர் எங்கே போனார், போன இடத்தில் அவருக்காக யாராவது காத்திருந்தார்களா, போக நினைத்தும் போக முடியாமல் விட்ட இடங்கள் எவை என்பதை எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. இதற்குச் செய்தியாளர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அந்தக் கேள்விகளே இல்லாத கணக்கெடுப்புகள்தான் அதிகம். பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்டு விடை குறித்தவள் என்ற முறையில், மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பங்கேற்பை நாம் எப்படி அளக்கிறோம், எங்கே தவறவிடுகிறோம் என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு நேர்காணலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டபின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஓர் இளம்பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த வினாத்தாளில், கடந்த 30 நாட்களில் எத்தனை நாட்கள் வீட்டை விட்டு வெளியே சென்றீர்கள் என்பது ஒரு கேள்வி. அவர் விரல்விட்டு எண்ணி 22 என்றார். நானும் கட்டத்தில் 22 என்று எழுதினேன். அந்த ஆய்வின் கணக்குப்படி அது மிக நல்ல மதிப்பெண். தாளை மடித்துக்கொண்டு எழுந்தபோது, "எங்கே போனேன் என்று கேட்க மாட்டீர்களா அக்கா?" என்றார். மறுபடி உட்கார்ந்து கேட்டேன். 22 நாட்களில் 20 நாட்கள் இயன்முறை சிகிச்சைக்குப் போய் வந்தவை. அண்ணன் வண்டியில் ஏற்றிச் சென்று இறக்கிவிட்டு, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவார். இன்னொரு நாள் வங்கியில் கையெழுத்துப் போடுவதற்காக. மிச்சமிருந்த ஒரு நாள் உறவினர் வீட்டுத் திருமணம். மண்டபத்தின் உள்ளே செல்லப் படிகள் இருந்ததால், வாசல் பக்கமாக நாற்காலியை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவராக விரும்பிப் போன இடம் அந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். கூடப் படித்த தோழிகள் மாதம் ஒருமுறை ஒருத்தியின் மாடி வீட்டில் கூடுகிறார்கள். தொடக்கத்தில் இவரையும் அழைத்தார்கள். பிறகு, அழைத்து இவர் வர முடியாது என்று சொல்ல நேர்ந்தால் இவருக்குத்தானே வருத்தம் என்று நினைத்து அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். இதை எழுத வினாத்தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். தரவுப் பதிவில் ஓரக் குறிப்புகளைச் சேர்ப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தேதான் எழுதினேன். 22 என்ற எண் மட்டும் அட்டவணைக்குப் போனது.

அதே வாரத்தில் பார்வையற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். அதே கேள்விக்கு அவர் சொன்ன விடை 4. நான்கு நாட்களும் அவர் செயலாளராக இருக்கும் குடியிருப்போர் சங்க வேலைக்காகச் சென்றவை. அவர் வராமல் கூட்டம் தொடங்காது என்று அவர் மனைவி சொன்னார். வினாத்தாளின்படி அந்தப் பெண் சமூகத்தோடு கலந்து வாழ்கிறவர், இந்தப் பெரியவர் ஒதுங்கி வாழ்கிறவர். இரண்டு எண்களும் சரியாகக் குறிக்கப்பட்டவைதான். தவறு எண்ணியதில் இல்லை. எதை எண்ணினோம் என்பதில் இருந்தது.

பங்கேற்பு என்ற சொல் இந்தத் துறையில் நிலைபெற்ற வரலாறு நீண்டதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1980-ல் வெளியிட்ட வகைப்பாடு, உடலில் ஏற்படும் குறைபாடு, அதனால் உண்டாகும் செயலிழப்பு, அதனால் சமூகத்தில் நேரும் பின்னடைவு என்று மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாகக் கோத்துக் காட்டியது. 2001-ல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய வகைப்பாடு அந்த வரிசையைக் கைவிட்டது. வாழ்க்கையின் ஒரு சூழலில் ஒருவர் ஈடுபட்டிருப்பதே பங்கேற்பு என்று வரையறுத்தது. ஒருவரால் செய்யக்கூடியது வேறு, அவர் வாழும் இடத்தில் அவர் உண்மையில் செய்வது வேறு என்பதையும் அது பிரித்துக் காட்டியது. கட்டடம், போக்குவரத்து, சட்டம், அக்கம்பக்கத்தாரின் மனப்பான்மை ஆகியவை சூழல் காரணிகளாக அதே வகைப்பாட்டுக்குள் வந்தன. இது பெரிய மாற்றம். இருந்தாலும் அந்த வகைப்பாடு செயல்பாட்டுக்கும் பங்கேற்புக்கும் சேர்த்து 9 பிரிவுகள் கொண்ட ஒரே பட்டியலைத் தந்து, எது செயல்பாடு, எது பங்கேற்பு என்று பிரிக்கும் பொறுப்பைப் பயன்படுத்துவோரிடம் விட்டுவிட்டது. அளப்பவர்களின் குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று நான் கருதுகிறேன். தானே சட்டை போட்டுக்கொள்வதும் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசுவதும் ஒரே தாளில் அடுத்தடுத்த கேள்விகளாக வந்து, இரண்டின் மதிப்பெண்களும் கூட்டப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பயன்பாட்டில் உள்ள அளவுகோல்களை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் நல்ல வாழ்க்கை எது என்பதைப் பற்றிய ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பது தெரியும். மூளைக் காயமடைந்தவர்களுக்காக உருவாக்கப்பட்டு 1993-ல் வெளியான சமுதாய ஒருங்கிணைப்பு வினாத்தாள் 15 கேள்விகளைக் கொண்டது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வீட்டுக்கு வேண்டிய பொருட்களை வழக்கமாக யார் வாங்குகிறார்கள் என்பது அதில் ஒரு கேள்வி. அவரே தனியாகச் செய்தால் 2, இன்னொருவருடன் சேர்ந்து செய்தால் 1, வேறொருவர் செய்தால் 0. கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே சேர்ந்து போய் வாங்கி வருவதைவிட, யாரும் துணையின்றி ஒருவர் தனியே போய் வருவது இருமடங்கு மதிப்புடையது என்று இந்த மதிப்பெண் முறை சொல்கிறது. உடற்குறை இல்லாத குடும்பங்களில் எத்தனை பேர் எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறார்கள்? பிறர் துணையின்றி வாழ்வதையும் பிறரோடு கலந்து வாழ்வதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு மாறான நல்ல முயற்சிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கடும் மனநலப் பாதிப்புடன் வாழ்பவர்களுக்காக உருவான அளவுகோல் 26 வகைச் செயல்களைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றிலும் கடந்த 30 நாட்களில் எத்தனை நாட்கள் ஈடுபட்டீர்கள் என்று கேட்கும்போதே, பராமரிப்புப் பணியாளர் உடன் வராமல் சென்ற நாட்களை மட்டும் சொல்லச் சொல்கிறது. அத்துடன் நிற்பதில்லை. அந்தச் செயல் உங்களுக்கு முக்கியமா, இப்போது செய்வது போதுமா, போதாதா, அல்லது அளவுக்கு மிஞ்சியா என்றும் கேட்கிறது. அளவுக்கு மிஞ்சி என்ற விடைக்கு இடம் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். மற்றவர்கள் முடிவு செய்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அழைத்துச் செல்லப்படும் மனிதருக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பங்கேற்பின் ஒரு பகுதியே. அந்த இளம்பெண்ணிடம் இந்த அளவுகோலைக் கொண்டு போயிருந்தால், 22 என்ற எண்ணை என் கை அவ்வளவு எளிதாக எழுதியிருக்காது.

இன்னொரு அளவுகோல், நேபாளம், இந்தியா, பிரேசில் ஆகிய நாடுகளில் தொழுநோயாலும் பிற உடல்குறைகளாலும் பாதிக்கப்பட்டவர்களிடையே உருவாக்கப்பட்டு 2006-ல் வெளியானது. 18 கேள்விகள். அதன் சிறப்பு, ஒப்பீட்டு முறை. வேலை தேடுவதில் உங்களையொத்த மற்றவருக்கு இருக்கும் அதே வாய்ப்பு உங்களுக்கும் இருக்கிறதா என்பது போலக் கேள்வி அமைகிறது. ஒத்தவர் என்பது, அந்த நோய் அல்லது குறைபாடு தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரைப் போன்ற ஒருவர். வாய்ப்பு இல்லை என்றால், அது உங்களுக்கு எவ்வளவு பெரிய சிக்கல் என்ற அடுத்த கேள்வி வருகிறது. பெரிய சிக்கல் என்றால் 5, சிக்கலே இல்லை என்றால் 1. சமூகத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்டதையும், அந்த மறுப்பு அந்த மனிதரைத் தைத்த அளவையும் இந்த முறை தனித்தனியே கேட்கிறது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஆள் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதால், யாரும் அதிகம் வெளியே செல்லாத இடத்தில் வாழும் ஒருவர் மீது தொலைதூர நகரத்தின் அளவுகோல் திணிக்கப்படுவதும் இல்லை.

ஒப்பீடு இல்லாத எண் பெரும்பாலும் ஊமை. வாஷிங்டன் குழு என்று அழைக்கப்படும் மாற்றுத்திறனாளிகள் புள்ளியியல் குழு 2001-ல் ஐ.நா.வின் கீழ் அமைந்தபோது அதன் நோக்கமே இதுதான். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகொள்ளுதல், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், பிறருடன் பேசிப் புரியவைத்தல் ஆகிய ஆறிலும் எவ்வளவு சிரமம் என்று அதன் குறுகிய வினாத்தாள் கேட்கிறது. ஊனம் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. ஆறு கேள்விகளும் பங்கேற்பை அளப்பவை அல்ல. பொதுவான கணக்கெடுப்பு எதுவானாலும் அதில் இவற்றைச் சேர்த்துவிட்டால், சிரமம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பள்ளி, வேலை, வாக்களிப்பு, சங்க உறுப்பினர் நிலை ஆகியவற்றில் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒரே தரவிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனியே அழைத்து எடுக்கும் ஆய்வில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. உலகில் ஆறில் ஒருவர், ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. இவ்வளவு பெரிய தொகையினரின் வாழ்க்கையை மற்றவர்களின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்காமல் தனித் தாளில் ஒதுக்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாரிடம் கேட்கிறோம் என்பது எதைக் கேட்கிறோம் என்பதைவிடச் சிறிய சிக்கல் அல்ல. அறிவுத்திறன் குறைபாடுள்ள இளைஞர் ஒருவரின் வீட்டில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய தாய் விடை சொன்னார். அன்பான தாய், மகனுக்காக வாழ்நாளையே கொடுத்தவர். "அவனுக்கு வெளியே போவதே பிடிக்காதும்மா, வீட்டில் இருந்தால்தான் நிம்மதி" என்றார். இளைஞர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் தண்ணீர் கொண்டுவர உள்ளே சென்ற சில நொடிகளில், நான் கேட்காமலேயே, தெருமுனைத் திடலைக் கையால் காட்டி, "பந்து" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வீட்டாரிடம் விடை வாங்குவது பல நேரங்களில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அதன் எல்லை ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. எத்தனை முறை வெளியே போனார் என்பது போல் கண்ணால் பார்க்கக்கூடியவற்றில் வீட்டாரின் விடையும் அவருடைய விடையும் ஓரளவு ஒத்துப்போகின்றன; விருப்பம், நிறைவு, தனிமை போன்ற உள்ளுணர்வு சார்ந்தவற்றில் இரண்டும் விலகிச் செல்கின்றன. பங்கேற்பின் உயிர்நாடி இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. ஆகவே படங்கள் கொண்ட எளிய வினாத்தாள், சைகைமொழி தெரிந்த கேள்வியாளர், அவசரப்படுத்தாத நேரம் ஆகியவை ஆய்வின் அடிப்படைச் செலவில் சேர வேண்டும். வீட்டார் சொன்ன விடை எது, அவரே சொன்ன விடை எது என்பதையாவது தாளில் குறித்துக் காட்ட வேண்டும். நான் வேலை செய்த பல ஆய்வுகளில் அந்தக் குறிப்புகூட இருந்ததில்லை. இன்னொன்று: குடும்பங்களை வைத்து எடுக்கும் கணக்கெடுப்புகள் பராமரிப்பு இல்லங்களிலும் மனநல நிலையங்களிலும் வாழ்பவர்களை வழக்கமாகவே விட்டுவிடுகின்றன. சமூகத்திலிருந்து மிகவும் விலக்கப்பட்டவர்கள் கணக்கிலிருந்தும் விலக்கப்படுவதால், கிடைக்கும் சராசரி உண்மையைவிட நல்லதாகத் தோன்றுகிறது.

போதுமா என்று அவரிடமே கேட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிலும் தயக்கம் உண்டு. பல ஆண்டுகள் கதவு மூடியே இருந்த வீட்டில் வாழ்ந்தவர், எனக்கு ஒரு குறையும் இல்லை, இதுவே போதும் என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது நிறைவா, ஆசைப்படுவதை நிறுத்திக்கொண்டதா என்று ஒரு கட்டத்தில் போட்ட குறியை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நாட்களின் எண்ணிக்கையும் வேண்டும், அவருடைய சொந்த மதிப்பீடும் வேண்டும், அவரையொத்தவரோடு ஒப்பீடும் வேண்டும். இவை ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில்தான் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டும். நடப்பதோ வேறு: மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி, சென்ற ஆண்டைவிட இவ்வளவு உயர்வு என்று அறிக்கை எழுதுகிறார்கள். 30 நாள் என்ற கால அளவிலும் கவனம் வேண்டும். தேர்தலில் வாக்களிப்பது, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசுவது போன்றவை மாதந்தோறும் நடப்பவை அல்ல. ஆனால் ஒருவர் குடிமகனாக மதிக்கப்படுகிறாரா என்பதற்கு அவற்றைவிடப் பெரிய அடையாளம் வேறில்லை. நோய் ஏறி இறங்கும் தன்மையுடையவருக்கு இந்த 30 நாள் ஒரு மாதிரியும் அடுத்த 30 நாள் வேறு மாதிரியும் இருக்கும். அண்மைக் காலத்தில் கைபேசியின் இருப்பிடத் தகவலைக் கொண்டு ஒருவர் எங்கெல்லாம் சென்றார் என்று பதிவு செய்யும் ஆய்வுகளும் வருகின்றன. அவை நடமாட்டத்தைச் சொல்லும். திருமண மண்டபத்தின் வாசலோரத்தில் நிறுத்தப்பட்டிருந்தவரையும் உள்ளே அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவரையும் ஒரே புள்ளியாகத்தான் காட்டும். ஏற்கெனவே பிறர் கண்காணிப்பில் வாழும் ஒருவரை மேலும் கண்காணிப்பதற்கு முன் அவருடைய முழுமையான ஒப்புதல் பெறப்பட்டதா என்ற கேள்வியும் அங்கே எழுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்த மதிப்பெண் யாருடைய குறை என்பதை வினாத்தாளே சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை மதிப்பீட்டு வினாத்தாளின் இரண்டாம் பதிப்பில் உள்ள 36 கேள்விகளில் 8 பங்கேற்பைப் பற்றியவை. மற்றவர்களைப் போலவே சமுதாய நிகழ்வுகளில் கலந்துகொள்வதில் எவ்வளவு சிக்கல் என்று கேட்டபின், உங்களைச் சுற்றியுள்ள உலகின் தடைகளால் எவ்வளவு சிக்கல், மற்றவர்களின் மனப்பான்மையாலும் நடத்தையாலும் மதிப்போடு வாழ்வதில் எவ்வளவு சிக்கல் என்றும் அது கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கும்போது, அதுவரை தலைகுனிந்து விடை சொன்னவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். தம்மை யாரோ குற்றவாளியாக நிறுத்தாமல் சாட்சியாக அழைத்தது போன்ற உணர்வு அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது. சமூகத்தில் பிறருக்கு இணையான தெரிவுகளோடு வாழும் உரிமையை அதன் 19-வது பிரிவு பேசுகிறது. புள்ளிவிவரம் திரட்டுவதைப் பற்றிய 31-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் எதிர்கொள்ளும் தடைகளைக் கண்டறிந்து நீக்க அந்தத் தரவு பயன்பட வேண்டும் என்கிறது. தடையைக் கேட்காத கணக்கெடுப்பு, எவ்வளவு பெரிதாக எடுக்கப்பட்டாலும், அந்தப் பிரிவு கேட்ட வேலையைச் செய்ததாகாது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பு உயர்ந்தது அல்லது குறைந்தது என்று ஒரு எண் தங்கள் மேசைக்கு வரும்போது, அதை வெளியிடும் முன் அந்த ஆய்வின் வினாத்தாளையும் கேட்டு வாங்குங்கள். கேட்கப்பட்ட கேள்வியை அதே சொற்களில், எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்; விடை சொன்னவர் அவரா, வீட்டாரா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். கேள்வி அச்சில் வந்தால் அந்த இளம்பெண்ணைப் போன்றவர்கள் அதைப் படிப்பார்கள், தங்களுக்குக் கடிதமும் எழுதுவார்கள். அடுத்த வினாத்தாளைத் தயாரிப்பவர்கள் அந்தக் கடிதங்களைத் தேடிப் படிக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
கள ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகி